ஒன்பதாம் மாடிக் கதவு

கதவிலிருந்தே தொடங்குகிறேன்.

1911-இன் நியூயார்க். கிரீன் தெருவும் வாஷிங்டன் பிளேஸும் சந்திக்கிற முனையில் ஒரு பத்து மாடிக் கட்டடம். மேல் மூன்று மாடிகளும் டிரையாங்கிள் கம்பெனியுடையவை. பெண்கள் அணியும் மேல்சட்டை தைக்கிற தொழிற்சாலை. ஒன்பதாம் மாடியில் மட்டும் 240 தையல் மெஷின். வேலை முடிந்து கிளம்பும்போது ஒவ்வொருத்தியும் கிரீன் தெருப் பக்கத்து வாசலில் நின்று, கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். எல்லோரும் அந்த ஒரு வழியாக வர வேண்டுமானால் இன்னொரு வழி பூட்டியிருக்க வேண்டும். அதனால் வாஷிங்டன் பிளேஸ் பக்கக் கதவுக்குப் பூட்டு.

அப்படி என்னதான் திருடு போனது? பிறகு கோர்ட்டில் இதே கேள்வியைக் கேட்டார்கள். மொத்தம் 25 டாலரைத் தாண்டாது என்று முதலாளிகளில் ஒருவரான ஐசக் ஹாரிஸ் ஒப்புக்கொண்டார். அந்தத் தொகையை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

1911 மார்ச் 25, சனிக்கிழமை. மாலை 4.40 இருக்கும். எட்டாம் மாடியில் கட்டிங் மேஜைக்கு அடியில் இருந்த வெட்டுத்துணித் தொட்டியில் தீ பிடித்தது. மெல்லிய பருத்தித் துணி, மேலே கம்பியில் தொங்கும் காகிதப் பேட்டர்ன்கள், கீழே நாள்கணக்கில் அள்ளப்படாத கழிவு. எட்டாம் மாடியிலிருந்து பத்தாம் மாடி ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். முதலாளிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். நடுவில் இருந்த ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. தீ போய்த்தான் சொன்னது.

தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. பின்புற இரும்புப் படி பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. லிஃப்ட் ஓட்டிய ஜோசஃப் ஸிட்டோவும் காஸ்பர் மோர்ட்டிலாரோவும் புகைக்குள் மறுபடி மறுபடி மேலே போய் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள், லிஃப்ட் நகர மறுக்கும் வரை.

இறந்தவர்கள் 146 பேர். 123 பெண்கள், 23 ஆண்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகள். 14 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

*

விபத்து என்று எழுதிவிட்டு அடித்தேன். 1909 நவம்பரில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல்காரி எழுந்து, பேசியது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று இத்திஷ் மொழியில் சொன்னாள். ஏறக்குறைய 20,000 பேர் தெருவில் இறங்கினார்கள். நிறைய கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் சங்கத்தை ஏற்கவே இல்லை. தீ வந்தால் இறங்க வழி வேண்டும், கதவைப் பூட்டக் கூடாது என்பதையும் அந்தப் பெண்கள் அப்போதே கேட்டிருந்தார்கள். தீ பிடிப்பதற்கு ஒரு வருஷம் முன்பே.

*

முதலாளிகள் மேல் வழக்கு. எரிந்த குப்பையிலிருந்து அந்தப் பூட்டைத் தோண்டி எடுத்தார்கள். அதன் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பூட்டிய நிலையில். ஆனால் கதவு பூட்டியிருந்ததை நிரூபித்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்றார் நீதிபதி.

உயிர் தப்பிய கேட் ஆல்டர்மன் சாட்சி சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் மேக்ஸ் ஸ்டூயர் அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னார், மறுபடியும் சொல்லச் சொன்னார். ஏறக்குறைய அதே வார்த்தைகள் வந்தன. பார்த்தீர்களா, மனப்பாடம் செய்வித்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது அப்படிப் படவில்லை. தோழியைத் தீயில் பறிகொடுத்தவள், ஒன்பது மாதம் அதையே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பாள். வார்த்தை எப்படி மாறும்?

டிசம்பர் கடைசியில் முதலாளிகள் இருவருக்கும் விடுதலை. 1913-இல் இன்னொரு முதலாளியான மேக்ஸ் பிளாங்க் தன் புதிய தொழிற்சாலையிலும் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

*

தீ பிடித்த அன்று வாஷிங்டன் சதுக்கத்தில் ஒரு வீட்டில் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் தேநீருக்குப் போயிருந்தார். வயது 30. நுகர்வோர் சங்கத்தின் நியூயார்க் கிளைக்குச் செயலாளர். சத்தம் கேட்டு ஓடியவர், ஜன்னலிலிருந்து பெண்கள் குதிப்பதைப் பார்த்தார். பார்த்ததை அவர் ஆயுளுக்கும் விடவில்லை. 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்.

அதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு முக்கியம். 1911 கோடையில் மாநில அரசு தொழிற்சாலை விசாரணைக் கமிஷன் ஒன்றை அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித். இருவரும் டாமனி ஹால் என்ற, ஊழலுக்குப் பேர்போன கட்சி அமைப்பின் ஆட்கள். ஸ்மித் பள்ளியைப் பாதியில் விட்டு மீன் மார்க்கெட்டில் வேலை பார்த்தவர். சீர்திருத்தக்காரர்கள் பலர் இவர்களை வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள். பெர்கின்ஸ் இவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

கயிற்றுத் தொழிற்சாலையில் பத்து மணி நேர இரவு வேலை முடித்துப் பெண்கள் வெளியே வருகிற நேரத்துக்கு ஸ்மித்தை அழைத்துப்போய்க் காட்டினார். உணவு டப்பாவில் அடைக்கிற ஆலையில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் பீன்ஸ் நறுக்குவதையும் பட்டாணி உரிப்பதையும் காட்டினார். இன்னோர் இடத்தில் தீ வந்தால் தப்பும் வழி எது என்று கேட்டபோது சுவரில் ஒரு சின்னப் பொந்தைக் காட்டினார்கள். அதில் வாக்னரையே ஊர்ந்து போகச் சொன்னார் பெர்கின்ஸ். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி. அதுவும் தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துவிட்டது. அறிக்கையில் அது ‘தப்பும் வழி ஒன்று உண்டு’ என்ற ஒரு வரியாக இருந்திருக்கும். உடம்பால் ஊர்ந்து பார்த்தவருக்கு அது வேறு.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வேலை நேரத்தில் பூட்டக் கூடாது, தீப் பயிற்சி நடத்த வேண்டும், உயரமான கட்டடங்களில் தானாக நீர் தெளிக்கும் குழாய் வேண்டும். சில ஆண்டுகளில் இப்படி 30-க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன.

*

1912-இல் பெண்களுக்கு வாரம் 54 மணி நேர வேலைச் சட்டம். கடைசி நேரத்தில் டப்பா உணவு ஆலைப் பெண்களை நீக்கிவிட்டுத்தான் மசோதா மேலவைக்கு வந்தது. ஏற்பதா, எறிவதா? அதற்காக வாதாடி வந்த பெர்கின்ஸ் ஏற்றார். படகைப் பிடிக்கக் கிளம்பிவிட்டிருந்த டாமனித் தலைவர் டிம் சல்லிவன், சட்டமன்றம் இருந்த மேட்டில் திரும்ப ஏறி ஓடிவந்து ஓட்டுப் போட்டார். அவருடைய சகோதரியும் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவள்.

அந்த முடிவு சரியா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். லட்சக்கணக்கான பெண்கள் அதனால் கொஞ்சம் முன்னதாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனாலும் பீன்ஸ் நறுக்கிய அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் வெளியே நின்றார்கள். பெர்கின்ஸ் அமைச்சராக இருந்தபோது வந்த 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே கதை: வயல் வேலை செய்பவர்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் ஓய்வூதியம் கிடையாது. கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் செய்த வேலை அவை இரண்டும்தான். அந்தக் கதவைத் திறக்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

*

தீயில் இறந்தவர்களின் சவப்பெட்டிகளை ஈஸ்ட் ரிவர் கரையில் வரிசையாக வைத்திருந்தார்கள். முகம் தெரியாத உடல்களைக் காலுறையில் போட்ட தையலை வைத்தும், மோதிரத்தை வைத்தும் வீட்டார் அடையாளம் கண்டார்கள். தான் தைத்துக் கொடுத்த ஒட்டை ஒரு அம்மா கண்டுபிடித்தாள்.

ஆறு பேரை மட்டும் கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. புரூக்ளின் எவர்கிரீன்ஸ் கல்லறையில் ஒரே கல்லின் கீழ் இருந்தார்கள். நூறு ஆண்டு கழித்து, 2011-இல், மைக்கேல் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் தேடிப் பெயர்களைக் கண்டுபிடித்தார். இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்: மரியா லாலெட்டி, மேக்ஸ் ஃப்ளோரின், கான்செட்டா ப்ரெஸ்டிஃபிலிப்போ, ஜோசஃபின் கம்மராட்டா, டோரா ஈவன்ஸ், ஃபேனி ரோசன்.