கடன் அம்மா பேர்ல... காடு அப்பா பேர்ல!

சேலத்துல இருந்து தருமபுரிக்கு பஸ்ல போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? டவுனுக்குக் கொஞ்சம் முன்னாடி வருமே, அதான் எங்க ஊர், அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமியில காலபைரவர் கோயிலுக்கு கூட்டம் அள்ளும். அந்தக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே நடந்தா எங்க காடு. மழையை நம்பின பூமி. கேழ்வரகு, நிலக்கடலை, ஊடுபயிரா துவரை. வீட்டோரம் ரெண்டு கறவை மாடு, நாலு ஆடு, கொஞ்சம் கோழி.

இதுக்குப் பேரு கலப்புப் பண்ணையம். இதுல வேஸ்ட்டே கிடையாது பாஸ்! கடலைக்கொடியும் கேழ்வரகுத் தாளும் மாட்டுக்கு. சாணி குப்பைமேட்டுக்கு. மக்கின எரு மறுபடி காட்டுக்கு. மழை ஏமாத்தினாலும் பால் காசு கைகொடுக்கும். எங்க கிளாஸ் பாஷையில சொன்னா, பக்கா ‘க்ளோஸ்டு லூப்’!

சரி, அந்த லூப்பைச் சுத்த விடுறது யாரு? சாணி தானா நடந்து காட்டுக்குப் போகாதே! எல்லாம் அம்மா தலைச்சுமைதான். விடியக்காலை நாலரைக்குத் தொழுவத்தைக் கூட்டி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊத்தி, சோறாக்கி, எட்டு மணிக்குக் களை வெட்டப் போகணும். சாயங்காலம் புல்லுக்கட்டோட திரும்பி, மறுபடியும் பால். காட்டுல வேலை ஓயுற மாசத்துலயும் மாட்டுக்கு லீவு கிடையாது. காய்ச்சல்னாலும் கறந்தே ஆகணும்.

மெஷின் வரலையான்னு கேட்பீங்க. வந்துச்சு... உழவுக்கு டிராக்டர், தண்ணிக்கு மோட்டார். ரெண்டும் ஆம்பளைங்க வேலை! களைக்கொத்தும் கூடையும் மட்டும் அப்படியே இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையுற மெக்கானிக்கல் மக்களே, இதைக் கொஞ்சம் கவனிங்க.

அடுத்து, பேரு மேட்டர். தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பிச்சதே எங்க தருமபுரி மாவட்டத்துலதான், 1989-ல. அதே வருஷம்தான் பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம பங்குன்னு தமிழ்நாடு சட்டமும் வந்துச்சு. குழுக் கடன் வீடு வீடா வந்து சேர்ந்துடுச்சு. பங்கு? பல வீட்டுல அண்ணன் தம்பி நீட்டுற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்தோட முடிஞ்சுடுது. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, நாட்டுல சாகுபடி நிலத்தைத் தங்கள் பொறுப்புல வச்சிருக்கிறவங்கள்ல பெண்கள் சுமார் 14 சதவிகிதம்தான். 2019-ல வந்த வருஷத்துக்கு 6,000 ரூபாய் திட்டமும் நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான். பெண் விவசாயிகளுக்கு அங்கீகாரம் கேட்டு எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அது 2013-ல காலாவதியாயிடுச்சு. 2026-ஐ சர்வதேச பெண் விவசாயி ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சிருக்கு.

எங்க வீட்டுலயும் மாடு வாங்கின குழுக் கடன் அம்மா பேர்ல. பால் அட்டையும் பட்டாவும் அப்பா பேர்ல. “ஏம்ப்பா இப்படி?”ன்னு கேட்டேன். “நான் வேற, அவ வேறயா?”ன்னார். “வேற இல்லைன்னா அம்மா பேரையும் சேர்க்கலாமே?”ன்னேன். அப்பா பதில் சொல்லலை. அம்மா மட்டும் களைக்கொத்தைக் கீழே வெச்சுட்டு அவரையே பார்த்தாங்க.

இந்த வாரம் ஊருக்குப் போனா, உங்க வீட்டுப் பட்டாவை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பால் அட்டையையும்தான். யார் பேரு இருக்கு?