தேயாத டயரை நம்பாதே மச்சி!

தினமும் எத்தனை கிலோமீட்டர் வண்டி ஓட்டுறீங்க?

ஹாஸ்டல்ல இருந்து கேன்டீன் வரைக்கும் போயிட்டு வர்ற பார்ட்டிகள் தாராளமா அடுத்த பக்கத்துக்குத் திருப்பிடலாம். ஊர்ல இருந்து காலேஜ், காலேஜ்ல இருந்து பார்ட் டைம் வேலை, ராத்திரி டெலிவரி பையை மாட்டிக்கிட்டு இன்னொரு ரவுண்டுன்னு வண்டியிலேயே குடித்தனம் நடத்துறவங்க மட்டும் கொஞ்சம் ஓரமா நிறுத்திட்டு வாங்க. உங்ககிட்டதான் பேசணும்.

உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு தரும்னு தெரியும். ஆயில் எப்ப மாத்தினீங்கன்னும் தெரியும். சரி, பின் டயர் எந்த வருஷம் பொறந்ததுன்னு தெரியுமா? எனக்கும் தெரியாமத்தான் இருந்தது. அதைத் தெரிஞ்சுக்க ஒரு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விலையைக் கொடுத்தது நான் இல்லை. என் நண்பன்.

2014-ல பாளையங்கோட்டையில காலேஜ் சேர்ந்தேன். வீடு நாங்குநேரி பக்கம். போக வர அறுபது கிலோமீட்டர். அப்பா ஓட்டி, மாமா ஓட்டி, கடைசியா என் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு 100 சிசி வண்டி. மாசம் 1,500 கிலோமீட்டர் சர்வ சாதாரணமா ஓடும். 2015 பொங்கல் சமயத்துல பார்த்தா பின் டயர் சுத்த மொட்டை!

கடைக்குப் போனேன். பாக்கெட்ல இருந்தது கொஞ்சம் காசு. வாயில இருந்தது ஒரே ஒரு கண்டிஷன். "அண்ணே, ரொம்ப நாள் உழைக்கணும்!"

கடைக்காரர் வாசல்ல வெயில்ல தொங்கிட்டிருந்த டயர் ஒண்ணை இறக்கினார். "இதைப் போடு தம்பி. கல்லு மாதிரி இருக்கும். தேயவே தேயாது." விலையிலும் நானூறு ரூபாய் தள்ளுபடி. எனக்கு ஒரே குஷி. எதுக்குத் தள்ளுபடின்னு கேட்கத் தோணலை.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த டயர் தேயவே இல்லை! கூடப் படிச்ச பசங்க டயர் மாத்திட்டாங்க. என் டயர்ல மட்டும் கோடு அப்படியே இருக்கு. 28,000 கிலோமீட்டர் ஓடின பிறகும் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்தி, "பார்றா நம்ம டயரை!"ன்னு பீத்திக்குவேன். நடுவுல ரெண்டு தடவை ஈர ரோட்டுல வண்டி வாலை ஆட்டுச்சு. மணல்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிட்டேன்னு சொல்றதை விட, அப்படி நினைச்சுக்கறது எனக்கு வசதியா இருந்ததுன்னு சொல்றதுதான் நிஜம்.

2016 நவம்பர். ஃபைனல் இயர். செமஸ்டருக்கு அஞ்சு நாள் பாக்கி. மூன்றடைப்புல வழக்கம்போல நண்பன் பின்னாடி ஏறினான். பாளையங்கோட்டையை நெருங்கும்போது தூறல் ஆரம்பிச்சது. ஸ்பீடு நாற்பத்தஞ்சு இருக்கும். முன்னாடி போன ஆட்டோ, கை காட்டின ஒருத்தருக்காகச் சடார்னு நின்னுச்சு. பின் பிரேக்கை மிதிச்சேன். சக்கரம் நின்னுச்சு, வண்டி நிக்கலை. சோப்பு வழுக்கின மாதிரி பின்பக்கம் பக்கவாட்டுல போச்சு.

எனக்கு முழங்கையில சிராய்ப்பு. அவன் கீழே கையை ஊன்றியிருந்தான். வலது மணிக்கட்டு உடைஞ்சிருந்தது.

சொல்லச் சொல்ல எழுத ஆள் வெச்சுக்க அனுமதி வாங்கறதுக்குள்ள ரெண்டு பேப்பர் முடிஞ்சு போச்சு. ரெண்டு அரியர். ஜனவரியில கேம்பஸ் இன்டர்வியூ. 'அரியர் இருக்கக் கூடாது'ன்னு நோட்டீஸ் போர்டுல ஒரே ஒரு வரி. நான் டை கட்டிக்கிட்டு உள்ளே போனேன். எங்க கிளாஸ்ல என்னை விட நல்லாப் படிக்கிற பையன், கையில கட்டோட வெளியே மரத்தடியில உட்கார்ந்து என் ஃபைலைப் பிடிச்சுக்கிட்டிருந்தான்.

"விடு மக்கா, மழைக்கு யாரு என்ன செய்ய முடியும்?"னான். நானும் மழை மேலதான் பழியைப் போட்டு வெச்சிருந்தேன், வண்டியை பஞ்சர் கடை அண்ணாச்சிகிட்ட கொண்டு போற வரைக்கும்.

அண்ணாச்சி டயர் கோட்டைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தை ரப்பர்ல அழுத்தினார். "நகம் இறங்குதா பாரு." இறங்கலை. பக்கவாட்டுல மெல்லிசா ரேகை ரேகையா வெடிப்பு. அப்புறம் விரலால தேய்ச்சுத் துடைச்சு ஒரு நம்பரைக் காட்டினார்: 2310.

"2010-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்துல செஞ்சது. நீ மாட்டும்போதே இதுக்கு நாலரை வயசு. வெயில்ல தொங்கி வெறும் கட்டையாயிட்டு. டயர்னா தேயணும் தம்பி. அது தேஞ்சாத்தான் நீ தேயாம வீடு போய்ச் சேருவ."

நான் கேட்டது 'ரொம்ப நாள் உழைக்கிற' டயர். கிடைச்சது 'ரொம்ப நாள் தேயாத' டயர். ரெண்டும் ஒண்ணு இல்லை. நீங்க அந்தத் தப்பைப் பண்ணக் கூடாதுன்னுதான் அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டதை இங்கே கொட்டறேன்.

கல்லா, பசையா?

எங்க ஊர்ல இருந்து கொஞ்சம் தெற்கே போனா கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்கள். மரத்துல இருந்து வடியற பால் வெள்ளை வெளேர்னு இருக்கும். டயர் கறுப்பா இருக்கக் காரணம், அதுல சேர்க்கிற கார்பன் பிளாக். ரப்பருக்கு வலுவும் தேய்மானம் தாங்கற சக்தியும் அதுதான் தருது. ரப்பரோட கந்தகம் சேர்த்துச் சூடாக்கினா உறுதியாகும்னு 1839-ல சார்லஸ் குட்இயர் கண்டுபிடிச்சார். இந்தக் கலவையைத்தான் கடையில 'காம்பவுண்ட்'னு சொல்றாங்க.

கெட்டியான காம்பவுண்ட் நிறைய நாள் வரும், ஈரத்துல பிடிமானம் குறையும். மென்மையான காம்பவுண்ட் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். தினமும் நேர் ரோட்டுல நீளமா ஓட்டறவங்களுக்கு டயரோட நடுப்பகுதிதான் முதல்ல தட்டையாகும். அதுக்காகவே நடுவுல கெட்டியாவும் ஓரத்துல மென்மையாவும் 'டூயல் காம்பவுண்ட்' டயர் வருது. உங்க வண்டி அளவுல கிடைச்சா யோசிக்காம அதைக் கேளுங்க. அதோட, நடுவுல தொடர்ச்சியான ரப்பர் பட்டையும், தண்ணி வெளியேற ஓரத்துல காடிகளும் உள்ள டிசைன் தார் ரோட்டுக்குப் போதும். பட்டன் பட்டனா இருக்கிற ஆஃப் ரோடு டயரை கெத்துக்காக மாட்டினா, தார் ரோட்டுல சீக்கிரம் கரைஞ்சிடும், சத்தமும் போடும்.

பக்கவாட்டுல ஒரு ஜாதகம்

டயரோட ஜாதகமே அதோட பக்கச் சுவர்லதான் இருக்கு. 100/90-17 55P-ன்னு இருக்குன்னு வெச்சுக்குவோம். 100 மில்லிமீட்டர் அகலம். உயரம் அந்த அகலத்துல 90 சதவீதம். ரிம் 17 அங்குலம். 55-ங்கிறது எடைக் குறியீடு. அந்த டயர் 218 கிலோ தாங்கும். P-ன்னா மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம். (அதுக்காக அந்த வேகத்துல போய்ப் பார்க்க வேணாம் பாஸ்!)

கம்பெனி சொன்ன அளவை மாத்தாதீங்க. பார்க்க கெத்தா இருக்கும்னு குறுகலான ரிம்முல அகல டயரை மாட்டினா, டயர் பிதுங்கி அதோட வடிவமே மாறிடும். வளைவுல பிடிமானம் போகும், மைலேஜும் அடி வாங்கும்.

அடுத்தது, அந்த நாலு இலக்கம். முதல் ரெண்டும் வாரம், கடைசி ரெண்டும் வருஷம். ஒரு பக்கம் இல்லேன்னா மறுபக்கம் குனிஞ்சு பாருங்க. புதுசா வாங்கும்போது இந்த வருஷத்து டயரா கேளுங்க. ரெண்டு மூணு வருஷப் பழசைத் தள்ளுபடியில தர்றேன்னு சொன்னா, என் நண்பனை நினைச்சுக்கிட்டு ஒரு கும்பிடு போட்டுட்டு வெளியே வந்துடுங்க. சுத்துற திசையைக் காட்டும் அம்புக்குறியும் பக்கவாட்டுல இருக்கும். மாட்டும்போது அதைக் கவனிக்க வேண்டியது உங்க வேலை.

எப்ப மாத்தணும்? TWI-ங்கிறதை 'ட்ரெட் வேர் இண்டிகேட்டர்'னு சொல்வாங்க. காடிகளுக்கு அடியில சின்ன மேடு மாதிரி இருக்கும். ட்ரெட் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா, டயர் ரிட்டையர் ஆயிடுச்சு. கோடு நல்லா இருந்தாலும் வெடிப்பு தெரிஞ்சா, ரப்பர் கட்டையா இருந்தா, அதுவும் ரிட்டையர்தான்.

காத்துதான் ஆயுசு

டயரோட ஆயுசை நீட்டிக்கிற பொருள்லயே ரொம்ப மலிவானது காத்து! குறைஞ்சா ரெண்டு ஓரமும் தேயும், டயர் சூடாகும். அதிகமானா நடுப்பகுதி மட்டும் தேயும். எவ்வளவு வைக்கணும்னு வண்டியோட கையேட்டுலயும், பல வண்டிகள்ல செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கர்லயும் போட்டிருப்பாங்க. ஆள் ஏத்தினா பின் டயருக்கு இன்னும் கூட வேணும். வாரம் ஒரு தடவை, வண்டி கிளம்பின உடனே, டயர் சூடாகறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க. டியூப்லெஸ்ல ஆணி குத்தினா காத்து மெதுவா இறங்கும்; நிதானிக்க நேரம் கிடைக்கும். டியூப் டயர்ல சட்டுன்னு இறங்கிடும்.

இன்னொரு விஷயம். புது டயர் முதல் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் வழுக்கும். மேல்பக்கம் சொரசொரப்பாகற வரைக்கும் சாய்ச்சு ஓட்டற ஹீரோயிசத்தை ஒத்தி வையுங்க. சடன் பிரேக் பழக்கம், சிக்னல்ல கிளட்சை விட்டு முறுக்கற பழக்கம்... ரெண்டும் டயரைத் தின்னும்.

ஒரு பைசா கணக்கு

பாக்கெட் மணியில வாழற நமக்குக் கணக்கு முக்கியம். உதாரணத்துக்கு, 1,500 ரூபாய் டயர் 15,000 கிலோமீட்டர் வருதுன்னு வெச்சுக்குவோம். கிலோமீட்டருக்கு 10 பைசா. 2,200 ரூபாய் டயர் 20,000 வந்தா 11 பைசா. வித்தியாசம் ஒரே ஒரு பைசா! மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டறவனுக்கு அது 15 ரூபாய். ஒரு டீ காசு. நான் அன்னிக்கு மிச்சம் பிடிச்ச நானூறு ரூபாயோட கணக்கை மட்டும் இன்னி வரைக்கும் என்னால முடிக்க முடியலை.

நண்பன் அடுத்த செமஸ்டர்லயே ரெண்டு பேப்பரையும் முடிச்சான். வேலை கிடைக்க மேற்கொண்டு ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷத்தைப் பத்தி அவன் பேசினதே இல்லை. நான்தான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடித் தேடித் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். இப்போ கோயம்புத்தூர்ல இருக்கான். போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பைக் பார்க்கப் போனவன், அங்கே நின்னுக்கிட்டே போன் பண்ணான்.

"ஏலே, டயர்ல நாலு நம்பர் பார்க்கணும்னு சொல்லுவியே, அது எங்கல இருக்கும்?"

சொன்னேன். வாசிச்சுக் காட்டினான். ஆறு வருஷப் பழசு. "மாத்தித் தந்தாதான் வண்டி வேணும்னு சொல்லிடு"ன்னேன். அப்புறம் இத்தனை வருஷம் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். "சாரி மக்கா. அன்னிக்குத் தப்பு மழை மேல இல்ல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது எனக்கு அப்பவே தெரியும்ல"ன்னு சொல்லிட்டு, கடைக்காரர்கிட்ட பேரம் பேசப் போயிட்டான்.

சரி ஃப்ரெண்ட்ஸ், நீங்க கிளம்புங்க. ஸ்டாண்டுல நிக்கிற உங்க வண்டிகிட்ட போய்க் குனிஞ்சு அந்த நாலு நம்பரைப் படிங்க. நகத்தால ஒரு தடவை அழுத்திப் பாருங்க. உங்க பின்னாடி நம்பி ஏறப் போறவங்க யாரும் அதைப் பார்க்க மாட்டாங்க. நீங்கதான் பார்க்கணும்.