ஏற்கப்பட்டதும் சரியானதும்

கலைப்பீட மாணவனாகிய நான் கணினிக் கற்கையொன்றை விருப்பப்பாடமாகத் தெரிவுசெய்தபோது, இலக்கணம் பிழையற்றிருந்தால் எழுதியதும் பிழையற்றதே என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைக் கலைத்தது விடுபட்ட ஓரெழுத்து.

எங்கள் விடுதியில், வசதி குறைந்த மாணவர்க்கு மாதந்தோறும் உணவுக் கொடுப்பனவு வழங்கும் சிறு நிதியம் ஒன்றுண்டு. அதன் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எஸ்.கியூ.எல். சேவர் என்னும் தரவுத்தளத்திலே, அதற்கான கட்டளைகளைத் தொகுத்து ஒரு செயன்முறையாகச் சேமிக்க முயன்றேன். அட்டவணையொன்றின் புலப்பெயரைத் தவறாக எழுதியிருந்தேன். தரவுத்தளம் உடனே மறுத்தது. திருத்தியதும் ஏற்றுக்கொண்டது. ஏற்கப்பட்டது சரியானது என மகிழ்ந்தேன்.

நான்கு மாதங்கள் குறையின்றிக் கழிந்தன. ஐந்தாம் மாதம், இடையில் விலகிய மாணவி ஒருத்தி மீண்டும் விண்ணப்பித்தாள். அத்தகையோருக்கென நான் எழுதிய கிளை அன்றுதான் முதன்முறையாக இயங்கிற்று. அப்படியோர் அட்டவணை இல்லையெனச் செயன்முறை நின்றுவிட்டது. அட்டவணையின் பெயரில் ஓரெழுத்தை விட்டிருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை, நானோ ஊருக்குச் சென்றிருந்தேன். திங்கள் வரை எவருக்கும் கொடுப்பனவு கிடைக்கவில்லை.

புலப்பெயரின் தவற்றைக் கண்டித்த தரவுத்தளம், அட்டவணையே இல்லாமையை ஏன் பொறுத்தது? இருக்கின்ற அட்டவணையின் புலங்களைச் செயன்முறையை ஆக்கும்போதே ஒப்பிடலாம். இல்லாத அட்டவணையோ பின்னர் உருவாகலாம். செயன்முறையே இயங்கும்போது தற்காலிக அட்டவணைகளை ஆக்கிக்கொள்வதும் உண்டு. ஆதலால், பெயரைத் தேடும் வேலையை அத்தரவுத்தளம் இயக்க நேரத்திற்குத் தள்ளிவைக்கின்றது. ஒறக்கிள் தரவுத்தளத்தின் வழி வேறு. அட்டவணையைக் காணாவிடின், அது செயன்முறையைச் சேமித்தாலும் செல்லாதது என அப்போதே குறித்துவிடும். முன்னையது எழுதுவோனுக்குச் சுதந்திரம் தருகிறது. பின்னையது எச்சரிக்கை தருகிறது.

முகவரி ஒழுங்காக எழுதப்பட்ட கடிதத்தைத் தபாற்கந்தோர் ஏற்றுக்கொள்ளும். அவ்விலக்கத்தில் வீடே இல்லை என்பதைத் தபாற்காரர் தெருவிலேதான் அறிவார். என் செயன்முறை நான்கு மாதங்களாக அத்தெருப்பக்கம் போகவேயில்லை. அதை நான் வெற்றி எனக் கருதியிருந்தேன்.

திங்களன்று அம்மாணவி என்னிடம் வந்தாள். "என்னாலதானே அண்ணா எல்லாருக்கும் சுணங்கினது?" என்று தலைகுனிந்து கேட்டாள். பிழை அவளுடையதன்று, அவள் வருமுன்னரே நான் எழுதி வைத்தது என்று விளக்கினேன். அவள் முகம் தெளிந்ததாயினும் என் மனம் தெளியவில்லை.

இப்போது, ஒவ்வொரு கிளைக்கும் கற்பனை விண்ணப்பதாரி ஒருவரை அமைத்து இயக்கிப் பார்த்த பின்னரே செயன்முறையை ஒப்படைக்கிறேன். என் பிழையை முதலிற் சந்திப்பவர் உதவி நாடி வந்த ஒருவராக இருத்தலாகாது.