உப்புக் குறைச்ச பாண்

பாண் மெஷின் வாங்கலாமா, எது நல்லம் என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீங்க. பரீட்சைத் தாள் திருத்தக் கிடக்கு, தனித்தனியா எழுத நேரமில்லை. எல்லாருக்கும் சேர்த்து இதிலேயே சொல்றேன்.

எங்கட வாப்பா 20 வருசத்துக்கு மேல பேக்கரியில் போறணைக்கு முன்னால நின்றவர். காலையில் பாணும் பருப்பும் இல்லாட்டி அவருக்குப் பொழுது விடியாது. போன வருசம் பிரஷர் கூடி, கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. கறியில் குறைச்சோம். பாணை நான் நினைக்கவே இல்லை. வாப்பாதான் சொன்னார்: "மகள், நூறு கிலோ மாவுக்கு ரெண்டு கிலோ உப்புப் போட்ட கை இது." கணக்குப் பார்த்தேன். அந்த அளவில் ஒரு 450 கிராம் பாணில் 5 கிராமுக்கு மேல உப்பு. ஒரு நாளைக்கே அதுக்குக் குறைவாத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

கட்டாரில் இருக்கிற காக்காவிடம் சொன்னேன்: சின்னதாப் போதும், 230 வோல்ட்டுக்குச் சரிவரணும், கரண்ட் போய் வந்தா விட்ட இடத்திலிருந்து ஓடணும். 2022 கரண்ட் வெட்டு யாருக்கு மறக்கும்? டவுனில் பாவிச்ச ஜப்பான் சாமான் மலிவுதான், ஆனா அது 100 வோல்ட். கவனம்.

முதல் பாண் உப்பே போடாமல். மூடிக் கண்ணாடி வரைக்கும் பொங்கி வந்திச்சு, எனக்குச் சந்தோசம். வெந்து எடுத்தா நடுவில் பள்ளம். வாப்பா சிரிச்சார். "உப்பு ருசிக்கு மட்டுமில்லை மகள், ஈஸ்டுக்குக் கடிவாளம். அது இல்லாட்டி மா அவசரப்பட்டுப் பொங்கி, நிற்கப் பெலனில்லாம இருந்திரும்." மதுவம், சுவாசம், காபனீரொட்சைட்டு என்று வருசா வருசம் கரும்பலகையில் எழுதுறவள் நான்!

இப்ப எங்கட அளவு: கோதுமை மா 400 கிராம், ஃபிரிஜ் தண்ணி 240 மில்லி, உப்பு 4 கிராம், ஈஸ்ட் ஒரு மட்டத் தேக்கரண்டி. புத்தகத்தில் ஈஸ்ட் கூடப் போட்டிருக்கு, எங்கட சூட்டுக்கு அது சரிவராது. தண்ணியில் ரெண்டு கரண்டி பிடிச்சு வைங்க. மா குழைஞ்சு ஐந்து நிமிசத்தில் மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா ஊற்றலாம்.

காசு மிச்சம் என்று நினைச்சு வாங்காதீங்க, மிச்சமில்லை. மூன்று மணித்தியாலம் ஆகும், அடியில் ஓட்டையும் விழும்.

வாப்பாக்கு மெஷினில் நம்பிக்கை இல்லை. சுபஹ் தொழுதிட்டு வந்து கதிரையைப் போட்டுப் பக்கத்திலேயே இருப்பார். நேற்றும் பாதித் துண்டைத் தின்னுட்டு, "உப்புக் காணாது" என்றார். மற்றப் பாதியையும் தின்றார். கிளினிக் அடுத்த மாசம்.