எண்ணும் அதன் நிலையும்

எரிபொருள்களின் வெப்பவியக்கவியல் எண்களைத் தொகுப்பதிலே காலங்கழித்த ஒருவன் கல்லூரி மலருக்கு எதனை எழுதலாம்? அவ்வெண்களுள் ஒன்றினால் நான் தலைகுனிய நேர்ந்த கதையையே எழுதுகின்றேன்.

பெற்றோல் தனிப்பொருளன்று, நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்களின் கலவையாகும். ஒக்டேன் என்னும் ஒன்றே 18 சமபகுதிய வடிவங்களை உடையது. அவற்றுள் நேர்ச்சங்கிலி ஒக்டேன் 126 பாகை சதமளவிற் கொதிக்க, கிளைத்த ஐசோஒக்டேன் 99 பாகையிலேயே கொதிக்கும். ஆதலின் ஒவ்வொன்றின் இயல்பையும் தனித்தனியே அறிந்தாலன்றி எஞ்சினுள் நிகழும் தகனத்தைச் செவ்வனே கணித்தல் இயலாது.

இத்துறையில் வழிகாட்டியவர் அமெரிக்க அறிஞர் பிரெடரிக் றொசினி ஆவர். 1931 இல் மெதேனின் தகனவெப்பத்தை நுட்பமாக அளந்த அவர், அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் 1942 இல் தொடங்கிய 44 ஆம் ஆராய்ச்சித் திட்டத்தை நெறிப்படுத்தினார். பலர் கண்ட அளவீடுகளை ஒப்புநோக்கித் தக்கனவற்றைத் தேர்ந்தெடுத்த அவர்களது பெருந்தொகுதி 1947 இல் வெளிவந்தது. இன்று அத்தகைய அட்டவணைகள் கணினியிற் புகுந்து, வெப்பநிலை வீச்சொன்றுக்கு ஏழு குணகங்களாகச் சுருங்கிவிட்டன.

அவ்வாறான தரவுத்தளம் ஒன்றை அமைக்கும் பணியில் நான் இருந்தபோது, உடன்பணிபுரிந்த இளைஞர் ஒருவரின் கணிப்பிலே சுவாலை இருக்கவேண்டியதினும் சற்றுக் குளிர்ந்து காணப்பட்டது. அவர் தம் சமன்பாடுகளிலே பிழை உளதென எண்ணிப் பல வாரம் உறக்கமின்றித் தேடினார். பிழையோ என்னுடையது. வாயுநிலை ஒக்டேனுக்கு உரிய இடத்தில் திரவநிலையின் உருவாதல் வெப்பத்தை நான் பதிந்திருந்தேன். முன்னையது மூலுக்கு ஏறத்தாழ −208.5 கிலோயூல், பின்னையது −250. இடையிலுள்ள 41.5 உம் ஆவியாதற்கு வேண்டிய வெப்பமே. எண் பொய்யன்று, அது நின்ற இடமே பொய். பிழையை அவரிடம் ஒப்புக்கொண்டபோது, அவர் என்னைக் கடிந்திருப்பின் ஆறுதலாயிருந்திருக்கும். அவரோ நன்றி கூறினார்.

அன்றுதொட்டு, நிலை, அலகு, வழு, அளந்தவர் பெயர் ஆகிய நான்கும் இல்லாத எண் எதனையும் நான் பதிவதில்லை.

நம் கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்திலே, அலகு எழுதாத விடையை எம் ஆசிரியர் சிவப்பு மையினால் முற்றாக வெட்டிவிடுவார். விடை சரியாயிருக்க இஃதென்ன கொடுமை என அந்நாளில் மனம் புழுங்கினேன். பிறர் நம்பி எடுத்தாளும் எண்ணை எழுதுபவனுக்குரிய கடமையையே அவர் கற்பித்தார் என்பதை உணர எனக்கு ஒரு சகபாடியின் உறக்கமற்ற இரவுகள் வேண்டியிருந்தன.