நிற்கிற காடிக்கும் பசிக்கும்

சுங்கை வேயில் அம்மா வீட்டுப் போர்ச்சில் அப்பாவின் புரோட்டோன் வீரா நிற்கிறது. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. விற்கவும் மனசு வரவில்லை. மாதம் ஒருமுறை நான் கிள்ளானிலிருந்து வரும்போது அந்தக் காரில்தான் அவரை பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலுக்கு அழைத்துப் போகவேண்டும். என் காரில் ஏறச் சொன்னால், "அப்பா காடி சும்மாதானே நிக்குது, அதை எடுய்யா" என்பார்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

முதல் பேட்டரி 2020-ல் போனது. அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாம் வீட்டுக்குள் அடைந்தோம், கார்கள் போர்ச்சில் அடைந்தன. கட்டுப்பாடு தளர்ந்தபோது எங்கள் வரிசையில் மட்டும் நான்கு கார்கள் கிளம்பவில்லை. அப்போது அப்பா இருந்தார், புதுசு வாங்கி மாட்டினார். அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு போய்விட்டன. மூன்றுமே ஓடித் தேய்ந்தவை அல்ல, நின்று செத்தவை.

மூன்றாவது போன அன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. புதுசு மாட்டிய கையோடு மீட்டரை எடுத்து, காரை அணைத்து, கதவைப் பூட்டி அளந்தேன். 35 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. திருட்டு அலாரம், ரேடியோவின் கடிகாரம் எல்லாம் சேர்ந்து குடிக்கிற கணக்கு அது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். நாளுக்கு 24 மணி நேரம் என்று பெருக்கினால் 0.84 ஆம்பியர்-மணி. அந்தக் காரில் இருப்பது 45 ஆம்பியர்-மணி பேட்டரி. நான்கே வாரத்தில் பாதி காலி. இதுபோக, வயரைக் கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெப்பம் கூடக்கூட இன்னும் வேகமாக இறங்கும். குளிர் நாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் காரை நிறுத்தி வைக்கும்போது பேட்டரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நமக்குப் பனிக்காலம் இல்லை என்பதால் அது நமக்கான பேச்சு இல்லை என்று நினைத்துவிட்டோம். நம் வெயில்தான் பேட்டரிக்குப் பெரிய எதிரி.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் ஈயத் தகடுகளில் வெள்ளையாக ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். புதிதாகப் படிந்தது சார்ஜ் ஏற்றினால் கரையும்; இறுகியது கரையாது. பேட்டரி சாவது பெரும்பாலும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டு அங்கிள் வாரம் ஒருமுறை வந்து பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பார். அவருடைய அன்பை மறக்கமாட்டேன். ஆனால் வாரத்துக்கு ஆறு ஆம்பியர்-மணி இறங்கினால், நின்ற இடத்தில் பத்து நிமிஷம் உறுமுவது அதைத் திருப்பித் தராது.

அதனால்தான் பேட்டரி மெயின்டெய்னர் வாங்கினேன். கையடக்கப் பெட்டி, ஒரு ஆம்பியர்தான் தரும். 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, பிறகு 13.5 வாக்கில் இறங்கி அங்கேயே பிடித்துக்கொள்ளும். பழைய மாதிரி சார்ஜரை அப்படி மாட்டி விட்டுப்போனால் தண்ணீர் கொதித்துக் காய்ந்துவிடும். இது மாதக்கணக்கில் கிடக்கலாம். ஒரே சிக்கல், அதோடு வரும் கிளிப்புகள். பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தி, கிளிப்பை அழுத்தி மாட்ட அம்மாவின் கைக்கு முடியாது. பேட்டரியின் இரண்டு முனையிலும் நிரந்தரமாக வளையம் வைத்து இறுக்கி, வயரை முன் கிரில் வழியாக வெளியே கொண்டுவந்து ஒரு பிளக்கில் முடித்துவிட்டால், அம்மா நின்றபடியே செருகிவிடலாம். பெட்டிக்குள்ளேயே அந்த வயர் இருந்தது. ஆனால் கிரில் வரை வர ஒரு முழம் குறைந்தது.

"ஒட்டிடலாம்," என்றார் அம்மா.

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. 1971-ல் தடையற்ற வணிக மண்டலச் சட்டம் வந்து, கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்தில் சுங்கை வேயின் மின்னணுத் தொழிற்சாலைகள் எழும்பியபோது, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெண்களில் அம்மாவும் ஒருவர். சர்க்கியூட் போர்டில் ஈயம் ஒட்டும் வரிசையில் பதினோரு வருஷம். அந்தத் தலைமுறைப் பெண்களின் விரல்களில்தான் இந்த ஊர் வளர்ந்தது. அதை யாரும் வேண்டிய அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

செம்பு இழைகளை விரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து முறுக்கினார். சூட்டுக்கோலை ஈயக்கம்பியில் வைக்கவில்லை. முறுக்கின் அடியில் வைத்தார். "கம்பி சூடாகணும். ஈயம் தானா ஓடி வரும்." ஓடி வந்தது. இழைகளுக்குள் புகுந்து, கண்ணாடி மாதிரி மின்னி, ஆறியது. மங்கலாகச் சாம்பல் பூத்தால் ஒட்டவில்லை என்று அர்த்தமாம். எழுபது வயதுக் கை, அந்த ஐந்து நொடியும் நடுங்கவில்லை.

மாட்டும்போது நான் சிவப்பு முனை நட்டில் ஸ்பேனரை வைத்தேன். "அப்பா எப்பவும் கறுப்பைத்தான் முதல்ல கழற்றுவாரு," என்றார். அவர் சொன்னதுதான் சரி. கறுப்பு இணைந்திருக்கையில் சிவப்பில் இருக்கும் ஸ்பேனர் காரின் தகட்டில் பட்டால் பொறி பறக்கும். முதலில் கறுப்பைக் கழற்றி, சிவப்பில் வளையத்தை இறுக்கி, கடைசியாகக் கறுப்பை மாட்டினோம். சிவப்பு வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 7.5 ஆம்பியர் பியூஸ். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்: வயர் உரசித் தோல் கிழிந்தால், பியூஸ் இல்லாத இடத்தில் தீதான். விசிறிக்கும் சூடான புகைக்குழாய்க்கும் எட்டாமல் வயரைக் கட்டினேன். ஒட்டிய இடம் ஆடாமல் இருக்க இருபக்கமும் ஒரு கட்டு. பிளக்குக்கு ரப்பர் மூடி. காரில் தொங்கும் அந்த முனையில் எப்போதும் மின்சாரம் இருக்கும்.

இப்போது காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மா பிளக்கைச் செருகுகிறார். மாலையில் இடி உறுமினால் உடனே கழற்றிவிடுகிறார். கிள்ளான் பள்ளத்தாக்கு இடி எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். "பச்சை லைட் வந்துடுச்சுய்யா" என்று போனில் சொல்வார்.

அப்பாவுக்குப் பிறகு செத்த பேட்டரி இரண்டும் பின்கட்டில் கிடந்தன. பேட்டரியின் எடையில் பெரும்பகுதி ஈயம், மீதியில் அமிலம். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஈய-அமில பேட்டரிக் கழிவுக்குத் தனி எண்ணே உண்டு, எஸ்டபிள்யூ 102. குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. பேட்டரிக் கடையில் கொடுத்தேன், அவர்கள் மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள்.

பதினான்கு மாதமாக அதே பேட்டரி. போன ஞாயிறு, பிளக்கைக் கழற்றி ஒரு இரவு விட்டு அளந்தேன்: 12.6 வோல்ட், முழுசாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஓடாமல் ஒரு கார் நின்றால், மலிவான மீட்டர் ஒன்று வாங்கி இந்த வாரமே அளந்து பாருங்கள். 12.4-க்குக் கீழே காட்டினால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.