வெயில் லைனிங்கில் இருக்கிறது

சித்திரை பிறந்ததும் எங்கள் தையல் கடைக்கு வரும் துணிகளின் கனம் குறைந்துவிடும். தை மாதம் பட்டும் வெல்வெட்டுமாக ரவிக்கை தைத்த கைக்கு வாயில், மல், டூ பை டூ என்று மெல்லிய பருத்தி வந்து சேரும். மதுரை வெயில் அப்படி.

"காட்டன்தானே, சூடு தெரியாதுண்ணே" என்பார்கள். பாதிதான் உண்மை. பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதில் வியர்வை தோலோடு நின்றுவிடும். ஆனால் ஜீன்ஸும் பருத்திதானே? மே மாதம் போட்டுப் பாருங்கள். நெசவையும் பார்க்க வேண்டும். நூல் நம்பர் கூடக் கூட இழை மெலியும். 40ஆம் நம்பரில் நெருக்கி நெய்ததைவிட 80இல் இடைவெளி விட்டு நெய்த துணியில் காற்று நன்றாகப் புகும். சென்னையில் கதை வேறு. கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை லேசில் காயாது, நனைந்த பருத்தி முதுகில் ஒட்டிக் கிடக்கும். அங்கிருந்து வருபவர்களுக்குச் சற்றுத் தளர்வாக வெட்டுவேன்.

பலர் கவனிக்காதது லைனிங். ஜார்ஜெட் ரவிக்கைக்குள் கிரேப் லைனிங் கேட்பார்கள், வழவழப்பாக இருக்குமாம். கடையில் கிடைக்கும் கிரேப் பெரும்பாலும் பாலியஸ்டர். தோலில் படுவதோ அதுதான். நான் காட்டன் லைனிங்தான் சொல்வேன். அதையும் முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரி. இல்லாவிட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேல்துணி பை பையாகத் தொங்கும். இதற்கு ஒரு நாள் கூடுதலாகும் என்றால் முகம் சுளிப்பவர்களும் உண்டு.

இப்போது ஜவுளிக்கடைகள் ஏசியாகிவிட்டன. அந்தக் குளிரில் எந்தத் துணியைத் தொட்டாலும் குளுகுளுவென்றுதான் இருக்கும். கனத்த பளபளப்புத் துணிகூடச் சுகமாகத் தெரியும். வேலையும் ஏசியில் என்றால் அந்தத் தேர்வு சரிதான். ஐடி கம்பெனிப் பெண்கள் கத்திரி வெயிலிலும் முழுக்கை கேட்கிறார்கள், தைத்துக் கொடுக்கிறேன். பஸ்ஸில் நசுங்கி, வெயிலில் நின்று வேலை பார்க்கும் பெண்ணும் அதே துணியோடு வரும்போதுதான் எனக்குச் சங்கடம்.

அடுத்த முறை துணி எடுக்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே புறங்கையில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். லைனிங்கை உங்கள் டெய்லரிடம் விட்டுவிடுங்கள், ஒரு நாள் அவகாசத்தோடு.